ஏர் மாஸ் சென்சர் எண்ணைத் திருத்துமுன் குழாயைத் தடவிப் பாருங்கள்

எஞ்சினுக்குள் எத்தனை கிராம் காற்று போகிறது என்று தெரிந்தால்தான் எத்தனை கிராம் பெட்ரோல் விடுவது என்று ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) முடிவு செய்யும். 1 கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்பது கணக்கு. காற்றை எடை போடுவது, ஃபில்டர் பெட்டியை ஒட்டிச் செருகியிருக்கும் எம்ஏஎஃப் சென்சர், அதாவது ஏர் மாஸ் சென்சர். உள்ளே மெல்லிய கம்பி ஒன்று சூடாக இருக்கும். காற்று கூடினால் கம்பி ஆறும். சூட்டைப் பிடித்துவைக்க அதிக மின்சாரம் வேண்டும். அதை வைத்துத்தான் அளவு தெரிகிறது. இன்ன வோல்ட்டுக்கு இத்தனை கிராம் என்ற அட்டவணை ஈசியூவில் இருக்கும். அதைச் சரிசெய்வதுதான் கேலிப்ரேஷன்.

எல்லாருக்கும் இது தேவைப்படாது. சென்சர் உட்காரும் 70 மில்லிமீட்டர் குழாயைக் கழற்றி 76 மாட்டினால் உள்பரப்பு ஏறக்குறைய 18 சதவீதம் கூடும். அதே காற்று மெதுவாகப் போகும், சென்சர் குறைத்துச் சொல்லும். அப்போது அட்டவணையைத் திருத்தித்தான் ஆக வேண்டும். கம்பெனிக் குழாயே இருக்கிறது என்றால் கோளாறு பெரும்பாலும் அழுக்கு, இல்லாவிட்டால் கசிவு.

முதலில் சுத்தம், கசிவு

எஞ்சின் ஆறிய பிறகு சென்சரைக் கழற்றி, எம்ஏஎஃப் கிளீனர் ஸ்ப்ரே மட்டும் அடியுங்கள். பிரேக் கிளீனர் வேண்டாம். துணி, பஞ்சு, விரல் எதுவும் கம்பியில் படக் கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள்.

பிறகு சென்சரிலிருந்து த்ராட்டில் (எஞ்சினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் வால்வு) வரையுள்ள ரப்பர் குழாய். என் 1.6 லிட்டர் காரில் ஐடிலில் (கார் நின்றபடி எஞ்சின் ஓடும்போது) ஃபியூல் ட்ரிம் +14 காட்டியது, அதாவது ஈசியூ தன் கணக்குக்கு மேல் 14 சதவீதம் பெட்ரோல் கூட்டிக்கொண்டிருந்தது. பட்டறை ஒன்றில் சென்சரையே மாற்றச் சொன்னார்கள். மனசு கேட்காமல் குழாயின் அடிப்பக்க மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன். மூன்றாவது மடிப்பில் நகக்கண் அளவு வெடிப்பு. விரித்தால் வாயைப் பிளந்தது, விட்டால் மூடிக்கொண்டது. சென்சரைத் தாண்டி நுழையும் காற்று கணக்கில் வராதே! இதற்கு ஓர் அடையாளம் உண்டு: ஐடிலில் ட்ரிம் எகிறும், 2500 ஆர்பிஎம்மில் இறங்கிவிடும். சென்சர் அழுக்கென்றால் பெரும்பாலும் லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறும்.

அடுத்து அளவெடுப்பு

காரின் சோதனைச் சாக்கெட்டில் செருகும் ஓபிடி ரீடர், ஃபோனில் ஒரு ஆப் போதும். கூலன்ட் 80 டிகிரி தாண்டட்டும். ஏர்கானை அணைத்தால் 1.6 லிட்டர் எஞ்சின் ஐடிலில் வினாடிக்கு 2 முதல் 4 கிராம் வரை காட்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்து இதைப் பார்க்காதீர்கள். காரணமில்லாமல் நின்றபடி எஞ்சினை ஓடவிடுவது இங்கே சிங்கப்பூரில் குற்றம். ஓட்டம் முடிந்து நிறுத்தும் அந்த ஒரு நிமிடத்திலேயே பதிவாகிவிடும்.

பிறகு தீவு விரைவுச்சாலையில் ஒரு சுற்று. வேகத்தைச் சீராக வையுங்கள். ஃபோனைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். ஓட்டுபவர் கண் சாலையில்தான் இருக்க வேண்டும். சென்சர் வோல்ட், வினாடிக்குக் கிராம், ஷார்ட் ட்ரிம் (அந்தந்த நொடியின் திருத்தம்), லாங் ட்ரிம் (ஈசியூ நினைவில் வைத்திருக்கும் திருத்தம்) நான்கும் பதிவாகட்டும்.

நம் ஊர் வெக்கையில் காற்று லேசாக இருக்குமே என்று எண்ணைக் கூட்டுபவர்கள் இருக்கிறார்கள். தேவையே இல்லை. சென்சர் அளப்பது எடையை. வெக்கை அதிலேயே அடங்கிவிடும்.

கணக்கு

இரண்டு ட்ரிம்மையும் கூட்டுங்கள். ±5க்குள் இருந்தால் எதையும் தொடாதீர்கள். அதைத் தாண்டினால் பதிவுகளை ஆர்பிஎம் வாரியாகப் பிரிக்காமல் வோல்ட் வாரியாகப் பிரித்துச் சராசரி எடுங்கள், ஏனென்றால் அட்டவணை வோல்ட்டில்தான் இருக்கிறது. 1.5 வோல்ட்டில் 6 கிராம் என்றிருந்து, ட்ரிம் +9 என்றால்: 6 × 1.09 = 6.54. முதல் தடவை பாதி மட்டும் ஏற்றுங்கள், 6.27. பக்கத்துக் கட்டங்களையும் வளைவு உடையாமல் இழைத்துவிடுங்கள்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பெட்ரோல் பிரஷர் குறைந்திருந்தாலும், இன்ஜெக்டர் அடைத்திருந்தாலும் ட்ரிம் ஏறும். அந்தப் பழியைச் சென்சர்மேல் போட்டு எண்ணை மாற்றினால் இக்னிஷன் டைமிங்கும் (பொறி விடும் நேரமும்) கூடவே நகரும், ஈசியூ லோடைக் கணிப்பது இதே எண்ணை வைத்துத்தான். காற்றை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டினால் டைமிங் முன்னேறி, எஞ்சின் நாக் அடிக்கும் (பெட்ரோல் தாறுமாறாக வெடித்துத் தட்டும்).

ஏற்றும்போது

ஈசியூவில் இருக்கும் பழைய ஃபைலைப் பத்திரமாக நகல் எடுத்துவையுங்கள். எழுதும் நேரம் முழுக்க பேட்டரியில் சார்ஜர் இருக்கட்டும். நடுவில் வோல்ட் விழுந்தால் ஈசியூவே போய்விடலாம். ஏற்றும் முன்பே வாரன்ட்டியையும் நிலப் போக்குவரத்து ஆணைய விதிகளையும் பார்த்துவிடுங்கள்.

எழுதியதும் பழைய லாங் ட்ரிம்மை அழித்து, மூன்று நாள் வழக்கம்போல் ஓட்டி, மறுபடி பதிவெடுங்கள். மிச்சம் இருந்தால் இன்னொரு பாதி. முழு த்ராட்டில் கட்டங்களில் மட்டும் கை வைக்க வேண்டாம். அந்த இடத்தில் ட்ரிம் வேலை செய்யாது. வைட்பேண்ட் சென்சரும் (புகையில் காற்று-பெட்ரோல் விகிதத்தை அளப்பது) டைனோவும் (காரை நின்ற இடத்திலேயே ஓட்டிச் சக்தியை அளக்கும் கருவி) உள்ள பட்டறையில்தான் அதைச் செய்ய வேண்டும்.