ஒரே ஆள், மூன்று புத்தகங்கள்: ஆர். ஏ. டிக்கியைப் பிள்ளையோடு சேர்ந்து படிப்பது எப்படி

வீட்டில் பேஸ்பால் விளையாடும் பிள்ளை இருக்கிறது, நமக்கோ கிரிக்கெட்டைத் தாண்டி ஒன்றும் தெரியாது, ஆனாலும் அந்த விளையாட்டைப் பற்றிப் பிள்ளையோடு உட்கார்ந்து ஏதாவது படிக்க வேண்டும் என்று ஆசை. இப்படி இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில், ஒன்பது வயது மகள் இரண்டு வருடமாக லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பாலில் விளையாடுகிறாள். நூலகத்தில் பேஸ்பால் வீரர்கள் எழுதிய புத்தகங்கள் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன, புரட்டிப் பார்த்தால் முக்கால்வாசி "உழைத்தேன், ஜெயித்தேன்" என்று முடிந்துவிடுகிறது. அவற்றில் ஒருவர் மட்டும் என்னைப் பிடித்து உட்கார வைத்தார். ஆர். ஏ. டிக்கி. பெரியவர்களுக்கு ஒன்று, பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு ஒன்று, படம் பார்த்துக் கதை கேட்கும் குட்டிகளுக்கு ஒன்று என்று மூன்று புத்தகம் போட்டிருக்கிறார். மூன்றையும் எந்த வரிசையில், எப்படிப் படிக்கலாம் என்பதுதான் விஷயம்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். 1974-இல் டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் பிறந்தவர், கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவர், பிட்சர். பிட்சர் என்றால் நம் பவுலர் மாதிரி, ஆனால் பந்தைத் தரையில் குத்தாமல் நேராக எறிய வேண்டும். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியில் வெண்கலப் பதக்கம் வாங்கினார், அதே வருடம் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணி புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது அவரை முதல் சுற்றிலேயே எடுத்து 8,10,000 டாலர் தருவதாகச் சொன்னது. அப்புறம் ஒரு பத்திரிகை அட்டைப் படத்தில் அவருடைய வலது கை ஏதோ விநோதமாகத் தொங்குவதை அணியின் மருத்துவக் குழுவில் ஒருவர் கவனித்துவிட்டார். சோதித்துப் பார்த்தால், முழங்கையின் உள்பக்கம் எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்க வேண்டிய லிகமென்டே இல்லை. கதவுக் குமிழைத் திருப்பினால்கூட வலிக்க வேண்டிய கை அது என்றார்கள் டாக்டர்கள். பேசிய பணம் 75,000 டாலராக இறங்கியது. அதன் பிறகு பத்து வருடத்துக்கு மேல் பெரிய லீக்குக்கும் அதற்குக் கீழே இருக்கும் சின்ன லீக்குக்கும் இடையே அலைச்சல். 2006 ஏப்ரலில் டெட்ராய்ட் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஆறு ஹோம் ரன் கொடுத்தார். நம் கணக்கில் ஆறு சிக்ஸர் என்று நினைத்துவிடாதீர்கள், அதைவிட மோசம். ஒரு ஆட்டத்தில் ஒரு ஹோம் ரன் கொடுத்தாலே பிட்சருக்கு முகம் வாடிவிடும்.

அந்த ஆள், சுழலாமல் தள்ளாடிப் போகும் நக்கிள்பால் என்ற ஒரே பந்தைப் பிடித்துக்கொண்டு மேலே வந்து, 2012-இல் நியூ யார்க் மெட்ஸ் அணிக்காக 20 வெற்றி, 6 தோல்வி, 230 ஸ்ட்ரைக்அவுட் (அடிக்க விடாமலே ஆளை அவுட் ஆக்குவது) எடுத்து, அந்த வருடத்தின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கினார். நக்கிள்பால் எறிகிற ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை.

சரி, படிக்கும் வரிசைக்கு வருவோம். பிள்ளைக்கான புத்தகத்தைக் கையில் எடுக்கும் முன், பெரியவர்களுக்கானதை நீங்கள் தனியாகப் படித்து முடித்துவிடுங்கள். அதன் பெயர் 'வேர்எவர் ஐ வைண்ட் அப்'. பிட்சர் எறிவதற்கு முன் கையையும் காலையும் தூக்கிச் சுழற்றி எடுக்கும் தயாரிப்புக்கு வைண்ட் அப் என்று பெயர், கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறோமோ அந்த இடம் என்ற அர்த்தமும் அதிலேயே இருக்கிறது. விளையாட்டுப் பத்திரிகையாளர் வெய்ன் காஃபி சேர்ந்து எழுதியது. நான் உங்களைப் பார்க்கச் சொல்வது முன்பக்கத்தில் இருக்கும் வெளியான வருடத்தை: 2012. அதாவது சீசன் ஆரம்பிக்கிற சமயத்தில், விருது வாங்குவதற்கு முன்னால் வந்த புத்தகம். எழுதும்போது அவர் 37 வயதை நெருங்கிய, பெரிதாக எதையும் சாதிக்காத ஒரு பிட்சர். தான் ஜெயிப்போமா என்று தெரியாமலே, தன் அவமானம் அத்தனையையும் எழுதி வெளியே வைத்திருக்கிறார். கோப்பை கையில் இருக்கும்போது பழைய தோல்வியைச் சொல்வது எவருக்கும் சுலபம். இது அப்படி இல்லை, அதனால்தான் ஒவ்வொரு பக்கமும் உண்மையாக இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் புத்தகமே வேறு மாதிரித் தெரியும்.

பிள்ளைக்கு முன் நீங்கள் படிக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம், இதைவிட முக்கியமானது. எட்டு வயதில் தனக்கு நடந்த பாலியல் கொடுமையை அவர் அதில் எழுதியிருக்கிறார். கவனித்துக்கொள்ள வந்த பெண் ஒருத்தி, பிறகு ஒரு பதின்வயதுப் பையன். பெரியவனாகும்வரை யாரிடமும் சொல்லாமல் உள்ளேயே வைத்திருந்தார். அது அவருடைய கல்யாண வாழ்க்கையை எப்படி அரித்தது, ஒரு கட்டத்தில் செத்துவிடலாம் என்று தோன்றியது வரை வருகிறது. இந்தப் பகுதிகளைப் படிக்கும்போது நான் இரண்டு முறை புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போனேன். உங்கள் வீட்டில் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை இருந்து, அலமாரியில் கிடப்பதை எடுத்துப் படிக்கும் பழக்கமும் இருந்தால், நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் இந்தப் பேச்சை எடுக்கவே வாய் வராது. ஆனால் ஒரு ஆண், அதுவும் பெரிய விளையாட்டு வீரர், "எனக்கு நடந்தது, வெளியில் சொல்ல முடியவில்லை" என்று எழுதியிருப்பதைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சை ஆரம்பிப்பது கொஞ்சம் சுலபம். மகளிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "அவர் சின்னப் பையனா இருந்தப்போ அவரை ரெண்டு பேர் ரொம்பக் கஷ்டப்படுத்தினாங்க, அவர் யார்கிட்டயும் சொல்லல. உனக்கு யாராவது அப்படிப் பண்ணினா அன்னிக்கே என்கிட்ட சொல்லணும், நான் உன்னைத் திட்டவே மாட்டேன்." அந்தக் கடைசி வார்த்தையை மறக்காமல் சொல்லுங்கள்.

இரண்டாவது 'த்ரோயிங் ஸ்ட்ரைக்ஸ்', 2013-இல் வந்தது, அதே வாழ்க்கைக் கதையை இளம் வாசகர்களுக்காக மாற்றி எழுதியது. சொந்தமாகப் படிக்கத் தெரிந்த, பத்து வயதைத் தொட்ட பிள்ளைக்கு இது பொருத்தம் என்பது என் எண்ணம். கொடுப்பதற்கு முன் ஒரு சாயங்காலம் ஒதுக்கி நீங்களும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள், பெரிய புத்தகத்தைப் படித்திருப்பதால் சீக்கிரம் போகும், எதைச் சொல்லியிருக்கிறார் எதை விட்டிருக்கிறார் என்பது உங்களுக்கு மட்டும் தெரியும். பிள்ளை நடுவில் நிறுத்தி ஏதாவது கேட்டால் எதுவரை பதில் சொல்லலாம் என்பதை அங்கேயே முடிவு செய்துகொள்ளலாம். டிக்கியின் வாழ்க்கையில் பிள்ளைகளைக் கட்டிப்போடும் இடம் மிசௌரி ஆறு. 2007-இல் சின்ன லீக்கில் இருந்தபோது, தங்கியிருந்த ஹோட்டலுக்குப் பக்கத்தில் ஓடிய அந்தப் பெரிய ஆற்றை நீந்திக் கடந்துவிடுவேன் என்று காலில் செருப்பை டேப் போட்டுச் சுற்றிக்கொண்டு இறங்கி, பாதியில் முழுக இருந்து, உடன் விளையாடியவர் கை கொடுத்துக் கரையேற்றினார். இதைப் படிக்கிற அன்று, "இது வீரம் இல்லை, உயிரே போயிருக்கக்கூடிய காரியம்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது 'நக்கிள்பால் நெட்', 2014, படப் புத்தகம். நெட் ஒரு பந்து. பள்ளிக்கூடத்தின் முதல் நாள். மற்றப் பந்துகள் எல்லாம் ஒழுங்காகப் போகின்றன, நெட் மட்டும் தள்ளாடித் தள்ளாடிப் போகிறான், ஃபவுல் பால்கள் (கோட்டுக்கு வெளியே போய் விழும் பந்துகள்) அவனைக் கேலி செய்கின்றன. ஐந்தாறு வயதுக்கு இது போதும். இதை மட்டும் நீங்களே வாய்விட்டுப் படியுங்கள், ஆங்கில வரியை அப்படியே வாசிக்காமல் படத்தைக் காட்டித் தமிழில் சொல்லிக்கொண்டு போனால் நன்றாக வருகிறது. தள்ளாட்டத்தை உடம்பில் காட்ட வேண்டும், புத்தகத்தையே இப்படியும் அப்படியும் ஆட்டிப் பிடித்தேன், மடியில் இருந்த தங்கை பையன் "பெரியம்மா, திரும்ப ஆட்டு" என்று நாலு தடவை கேட்டான். மகள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, இதெல்லாம் சின்னப் பிள்ளைப் புத்தகம் என்கிற மாதிரி இருந்தாள், ஆனால் "ஏம்மா, எல்லாருக்கும் நேராப் போறப்போ இவனுக்கு மட்டும் ஏன் போகல?" என்று கேட்டது அவள்தான்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு பந்து வேண்டும். புத்தகத்தை விட்டு எழுந்து வெளியே போகும் கட்டம் இது, தவறவிடாதீர்கள். ஒரு டென்னிஸ் பந்தை எடுத்து நடுவில் சுற்றிலும் ஸ்கெட்ச் பேனாவால் தடிமனாக ஒரு கோடு போடுங்கள். நக்கிள்பால் என்ற பெயர் விரல் முட்டியைச் சொன்னாலும் பந்தைப் பிடிப்பது முட்டியால் இல்லை, விரல் நுனியால். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கி இரண்டு நகத்தையும் பந்தின் மேல் ஊன்ற வேண்டும், கட்டை விரலும் மோதிர விரலும் பக்கத்தில் தாங்கிக்கொள்ளும். மணிக்கட்டைச் சொடுக்காமல், தள்ளிவிடுவது போல எறிய வேண்டும். எதிரே நிற்பவர் கோட்டைப் பார்க்க வேண்டும். கோடு பம்பரம் மாதிரிச் சுற்றினால் தப்பு, அப்படியே நின்றபடி வந்தால் சரி. நாங்கள் எறிந்ததில் முதல் இருபது பந்தும் சுற்றியது, இருபத்தி ஒன்றோ என்னவோ, கோடு அசையாமல் ஒரு முகம் மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டே வந்தது. அவள் குதித்த குதி!

டென்னிஸ் பந்தில் சுற்றாமல் வருவதைத்தான் பார்க்கலாம், தள்ளாட்டம் அவ்வளவாகத் தெரியாது. பேஸ்பால் பந்தில் 108 இரட்டைத் தையல் மேடாக எழும்பி நிற்கும். பந்து வேகமாகச் சுழன்றால் அது போகும் வழி ஒரே சீராக இருக்கும். சுழலாமல் போகும்போது தையல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு ஏற்றபடி காற்று பந்தை விட்டுப் பிரியும் இடம் மாறுகிறது, பந்து மெல்லத் திரும்பத் திரும்ப அந்த இடமும் மாறுகிறது, அதனால் எந்தப் பக்கம் நகரும் என்று எறிந்தவருக்கே தெரியாது. பிடிப்பவர்களும் அதற்கென்று பெரிய கையுறை போட்டுக்கொள்வார்கள். இதே பந்து கிரிக்கெட்டுக்கும் வந்தது, 2011 உலகக் கோப்பையில் ஜாகீர் கான் போட்டதையும் பின்னால் புவனேஷ்வர் குமார் போட்டதையும் பார்த்தவர்களுக்குப் பெயர் புதிதாக இருக்காது. கிரிக்கெட்டில் அது வேகத்தைக் குறைத்து ஏமாற்றும் பந்து, நடுநடுவே ஒன்று போடுவார்கள். டிக்கி அதையே பெரும்பாலும் எறிந்தார், மணிக்கு 75, 80 மைல் வேகத்தில். இதைச் சொல்லிக் கொடுத்தவர்களைப் பற்றிப் பிள்ளையிடம் கட்டாயம் சொல்லுங்கள்: ஓய்வு பெற்ற சார்லி ஹஃப், ஃபில் நீக்ரோ, அதோடு எதிரணியில் விளையாடிக்கொண்டிருந்த டிம் வேக்ஃபீல்டும். எதிரணிக்காரர் வித்தையைச் சொல்லித் தருவாரா என்று என் மகள் நம்பவே இல்லை. நக்கிள்பால் எறிபவர்கள் அவ்வளவு கொஞ்சம் பேர், ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

நமக்கு நெருக்கமான இன்னொன்றும் உண்டு. 2012 ஜனவரியில் டிக்கி கிளிமஞ்சாரோ மலை ஏறினார், மும்பையில் பாலியல் தொழிலுக்கு விற்கப்படும் பெண்களையும் சிறுமிகளையும் மீட்கும் அமைப்பு ஒன்றுக்குப் பணம் திரட்டுவதற்காக. அடிபட்டால் ஒப்பந்தம் போய்விடும் என்று அணி எச்சரித்தும் ஏறினார். அடுத்த வருடம் தன் மகள்களைக் கூட்டிக்கொண்டு மும்பைக்கே வந்து பார்த்துவிட்டும் போனார். சின்னப் பிள்ளையிடம் மலையை மட்டும் சொல்லுங்கள், பெரிய பிள்ளையிடம் மும்பையையும் சொல்லுங்கள். எட்டு வயதில் அவருக்கு நடந்ததைப் படித்தவருக்கு, அவர் ஏன் இந்த வேலையைத் தேர்ந்தெடுத்தார் என்று விளக்க வேண்டியதில்லை.

டிக்கி முடிந்த பிறகு, பெரிய லீக்கின் நிறத்தடையை உடைத்த கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனுக்குப் போகலாம், அங்கேயும் இதே வழிதான்: 1972-இல் வந்த 'ஐ நெவர் ஹேட் இட் மேட்' உங்களுக்கு, அவருடைய மகள் ஷாரன் ராபின்சன் அப்பாவைப் பற்றி எழுதிய 'டெஸ்டிங் தி ஐஸ்' என்ற படப் புத்தகம் பிள்ளைக்கு. கேல் ரிப்கன், டெரெக் ஜீட்டர் என்ற வீரர்களின் பெயரில் வந்த சிறுவர் நாவல்களும் அலமாரியில் இருக்கும், அவற்றை அவர்களோடு சேர்ந்து எழுதியவர் பெயரும் அட்டையிலேயே இருக்கும், அதையும் பிள்ளைக்குக் காட்டிவிடுங்கள். ஆனால் டிக்கியின் பெரிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க அவசரப்படாதீர்கள். எங்கள் வீட்டில் மூன்றாவது முறையாகப் புதுப்பித்து வைத்திருக்கிறேன், மகள் பெரியவளானதும் படிக்க ஒரு பிரதி சொந்தமாக வாங்கி மேல் தட்டில் வைக்கும்வரை.