ஆர்.வி.யின் நன்னீர்த் தொட்டியைக் கிருமிநீக்கம் செய்தல்: தொட்டியோடு வேலை முடிவதில்லை

மிச்சிகனில் உறைபனி விலகியதும், குளிர்காலம் முழுவதும் உறை போர்த்திக் கிடந்த எங்கள் டிராவல் டிரெய்லரை (வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் ஆர்.வி., அதாவது வீட்டு வசதிகள் கொண்ட பயண வண்டி) வெளியே எடுத்து நான் முதலில் செய்யும் வேலை, அதன் தண்ணீர்த் தொட்டியைக் கிருமிநீக்கம் செய்வதுதான். மாதக்கணக்கில் ஈரத்தோடு மூடிக் கிடக்கும் பாலிஎத்திலீன் தொட்டியின் சுவரிலும், அதிலிருந்து கிளம்பும் குழாய்களின் உட்புறத்திலும் வழுவழுப்பான படலம் படிந்துவிடும். பழைய வண்டி வாங்கியவர்களும், தண்ணீரில் வாடை வருவதாக உணர்பவர்களும் பருவம் பார்க்காமல் இதைச் செய்துவிட வேண்டும்.

தேவையான பொருள்கள் குறைவு. வாசனை சேர்க்காத சாதாரண வீட்டு பிளீச், புனல், குடிநீருக்கென்றே விற்கப்படும் வெள்ளை அல்லது நீல ஹோஸ், குளோரின் சோதனைத் தாள் ஆகியவை போதும். தெறிக்காமல் இருப்பதற்காகக் கெட்டியாக்கப்பட்ட பிளீச் ஆகாது. சென்ற ஆண்டு திறந்த பாட்டிலும் வேண்டாம். பிளீச்சில் கிருமியைக் கொல்லும் சோடியம் ஹைப்போகுளோரைட் நாள்பட நாள்பட வீரியம் இழந்துவிடும். தனியாக ‘ஆர்.வி. டேங்க் கிளீனர்’ என்ற பெயரில் விற்கப்படுபவற்றை நான் வாங்குவதில்லை.

அளவைப் பொறுத்தவரை, 15 கேலனுக்குக் கால் கப் பிளீச் என்பதே இங்கு வழக்கமான கணக்கு. அதை மெட்ரிக்கில் மாற்றினால் ஏறக்குறைய லிட்டருக்கு 1 மில்லிலிட்டர் ஆகிறது. மனத்தில் வைத்துக்கொள்ள இதுவே எளிது. எங்கள் தொட்டி 40 கேலன், அதாவது 151 லிட்டர். தண்ணீர் சூடாக்கும் ஹீட்டரில் 6 கேலன், அதாவது 23 லிட்டர் பிடிக்கும். ஆகவே மொத்தம் 175 மில்லிலிட்டர் பிளீச் எடுத்துக்கொள்கிறேன். தண்ணீரில் குளோரின் 50 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 50 பங்கு, அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 50 மில்லிகிராம்) அளவுக்குக் குறையாமல் இருக்க இது போதும். இரண்டு மடங்கு ஊற்றினால் இரண்டு மடங்கு சுத்தமாகிவிடும் என்று எண்ணி ரப்பர் வளையங்களைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிளீச்சைத் தொடுவதற்கு முன் ஹீட்டரை அணைத்து, தண்ணீர் முழுவதும் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். பம்பை நிறுத்தி, வெளித் தண்ணீர் இணைப்பையும் கழற்றி, ஹீட்டரின் அழுத்தம் விடுக்கும் வால்வைத் திறந்த பிறகே அடியில் உள்ள அடைப்பானைக் கழற்றலாம். வரிசை மாறினால் கொதிநீர் முகத்தில் பீறிடும். சபர்பன் நிறுவனத்தின் ஹீட்டர் எஃகுத் தொட்டி உடையது என்பதால் அதன் அடைப்பானோடு ஓர் ஆனோடு கம்பி (தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிக்கப்பட்டு அதைக் காக்கும் கம்பி) வெளியே வரும். அட்வுட் நிறுவன ஹீட்டரின் தொட்டி அலுமினியம்; அதில் கம்பி கிடையாது. தேய்ந்துபோன பழைய கம்பியையே கிருமிநீக்கம் முடியும்வரை போட்டுவைத்து, புதியதைக் கடைசியில் மாட்டுவது என் வழக்கம். புதுக் கம்பியைக் குளோரினில் ஊறவைப்பானேன்?

இனி என்னை ஏமாற்றிய இடத்துக்கு வருகிறேன். முதல் ஆண்டு எல்லாவற்றையும் முறையாகச் செய்தேன். ஒவ்வொரு குழாயையும் திறந்து, பிளீச் வாடை வருகிறதா என்று முகர்ந்து பார்த்து, வருகிறது என்று திருப்தியடைந்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, மறுநாள் அலசி முடித்தேன். அடுத்த வாரமே சமையலறைக் குழாயில் பழைய பாசி வாடை வீசியது. காரணம், பம்பை அடுத்து இருந்த ஃபில்டரை நான் கழற்றவில்லை. அதனுள் இருப்பது கரி; தண்ணீரிலிருந்து குளோரினைப் பிடித்துக்கொள்வதுதான் கரியின் வேலை. தொட்டியில் இருந்த குளோரின் முழுவதையும் அது வழியிலேயே மறித்துவிட, அதற்கு அப்பால் இருந்த எந்தக் குழாய்க்கும் வெறும் தண்ணீரைத் தவிர வேறொன்றும் போய்ச் சேரவில்லை. அப்படியானால் நான் முகர்ந்த வாடை எங்கிருந்து வந்தது? பிளீச் அளந்து ஊற்றிய என் கையிலிருந்துதான்.

அன்றிலிருந்து மூக்கை நம்புவதை விட்டுவிட்டேன். உணவகங்களில் பாத்திரம் கழுவும் நீரைச் சோதிக்கப் பயன்படும், 10 முதல் 200 பி.பி.எம். வரை காட்டும் குளோரின் தாள் மிக மலிவாகக் கிடைக்கிறது. நீச்சல்குளத் தாள்கள் இவ்வளவு உயர்ந்த அளவைக் காட்டமாட்டா. ஆனால் கடைசியில் அலசும்போது அவையே தேவைப்படும் என்பதால் இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபில்டரின் உள்ளே இருக்கும் கரி உருளையை எடுத்துவிட்டு வெறும் கூட்டை மட்டும் திரும்ப மாட்டுங்கள். பம்பின் முகப்பில் இருக்கும் வலைச் சல்லடையையும் கழற்றிக் கழுவிவிடுங்கள்.

ஹீட்டரின் அடைப்பானைப் போட்டு, அழுத்த வால்வையும் அடியிலுள்ள வடிகால் குழாய்களையும் மூடி, பைபாஸ் வால்வு (தண்ணீரை ஹீட்டருக்குள் விடாமல் சுற்றி அனுப்புவது) குளிர்கால நிலையிலேயே நிற்கிறதா என்று பார்த்து, நின்றால் மாற்றிவிடுங்கள். அப்படியே விட்டால் ஹீட்டருக்குள் ஒரு சொட்டு நீரும் போகாது. தொட்டியில் கால் பங்கு தண்ணீர் நிரப்பியபின், பிளீச்சை ஒரு கேலன் தண்ணீரில் கலந்து, நிரப்பும் வாயில் புனல் வைத்து ஊற்றி, மீதியை விளிம்புவரை நிரப்ப வேண்டும். கலக்காத பிளீச்சை நேராகத் தொட்டியில் ஊற்றக் கூடாது. நிரப்பும் வாய் இல்லாத வண்டியில், கலவையைக் குடிநீர் ஹோஸுக்குள் ஊற்றிப் பிறகு அதை இணைத்துக்கொள்ளலாம், ஹோஸும் சுத்தமாகிவிடும்.

பிறகு பம்பைப் போட்டு ஒவ்வொரு குழாயையும் திறங்கள்: சூடு, குளிர், ஷவர், கழிப்பறை. தாளில் 50 காட்டிய பிறகே அடுத்த குழாய்க்குப் போக வேண்டும். ஹீட்டர் நிரம்பும்வரை சுடுநீர்க் குழாய் காற்றைத் துப்பிக்கொண்டிருக்கும், அவசரப்படாதீர்கள். இதற்குள் தொட்டியின் மட்டம் இறங்கியிருக்கும் என்பதால், மேல்சுவரும் நனையும்படி மறுபடி விளிம்புவரை நிரப்பிவிட்டு, 12 மணி நேரம் விட்டுவிடுங்கள்.

இந்தத் தண்ணீரைப் புல்தரையிலோ ஓடையிலோ திறந்துவிடக் கூடாது. கழிவுநீர்க் குழாய் வழியாகவே போக வேண்டும். அதனால் கழிவுநீர் இணைப்பு உள்ள முகாம்தளத்தில் முதல் இரவை இதற்கென்றே ஒதுக்கிவிடுவது எனக்கு வசதியாக இருக்கிறது. குளியலுக்கு முகாம்தளத்தின் குளியலறை இருக்கிறது. வீட்டு வாசலில் செய்பவர்கள் சாம்பல்நீர்த் தொட்டி (குளியல், சமையலறைக் கழிவுநீர் சேரும் தொட்டி) நன்னீர்த் தொட்டியைவிடச் சிறியதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறியதாக இருந்து அது நிரம்பிவிட்டால் ஷவர் தளத்தில் தண்ணீர் எதிர்த்து ஏறும்.

ஹீட்டரையும் தொட்டியையும் காலிசெய்து, நல்ல தண்ணீர் நிரப்பி, எல்லாக் குழாய்களிலும் ஓடவிட்டு அலசுவதை இரண்டு மூன்று முறை செய்ய நேரும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குடிநீரில் குளோரினுக்கு வகுத்துள்ள உச்சவரம்பு லிட்டருக்கு 4 மில்லிகிராம். நீச்சல்குளத் தாள் அதற்குக் கீழே காட்டியபின் புதுக் கரி உருளையையும் புது ஆனோடு கம்பியையும் மாட்டலாம். சுடுநீர்க் குழாயில் தண்ணீர் சீராக வரும்வரை ஹீட்டரைப் போடாதீர்கள். காலியான ஹீட்டரில் மின்சுருள் நொடியில் கருகிவிடும்.

பின்சேர்க்கை: இதைப் படித்தவர்கள் கேட்டவற்றுக்கான விடைகள். குளிர்காலத்துக்காக ஊற்றிய இளஞ்சிவப்பு ஆன்டிஃபிரீஸை (குழாய்கள் உறையாமல் காக்கும் திரவத்தை) முதலில் முழுவதும் அலசி எடுத்த பிறகே பிளீச் சேர்க்க வேண்டும். வாடை போக வினிகர் ஊற்றலாமா என்றால், பிளீச் ஒரு துளி மிச்சமிருந்தாலும் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சமையல் சோடா கரைத்த தண்ணீரே பாதுகாப்பானது. ஊர்க் கிணற்றில் போடுவதுபோல் பிளீச்சிங் பவுடர் போடலாமா என்று கேட்டவருக்கு: அதிலுள்ள கரையாத சுண்ணாம்பு அடியில் தங்கி, பம்பின் சல்லடையை அடைத்துவிடும். வண்டிக்கு வெளியே இருக்கும் ஷவரை நான் பட்டியலில் விட்டுவிட்டதை ஒருவர் சுட்டிக்காட்டினார். உண்மைதான், என் வண்டியில் அதைத் திறந்து தாளை நனைத்துப் பார்த்தேன், நிறம் மாறவே இல்லை.