கதையில் புனித ஏரியை வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிகுபுனைவுக் கதை எழுதுகிறவர்களின் வரைபடத்தில் ஒரு புனித ஏரி எப்படியும் வந்துவிடும். நடுவில் ஒரு தீவு, மேலே பனிமூட்டம், உள்ளே போனவன் திரும்பி வந்ததில்லை என்று சொல்ல ஊரில் ஒரு கிழவர். எனக்கு இந்த ஏரிகள் ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் அவை வெறும் திரைச்சீலையாக நின்றுவிடும்போது மனசு கேட்பதில்லை.

முதல் தவறு, அந்த ஏரி எப்படிக் கொல்லும் என்பது எழுதுகிறவருக்கே தெரியாமல் இருப்பது. சாபம் என்று ஒரு சொல்லைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். சாபமாகவே இருக்கட்டும், ஆனால் அது எப்போது வரும், எந்தப் பக்கம் நகரும், யாரை விட்டுவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேமரூனில் நியோஸ் என்று ஓர் ஏரி இருக்கிறது, எரிமலை வாயில் தேங்கியது. பூமிக்கு அடியிலிருந்து கசிந்த கார்பன் டை ஆக்சைடு, மேலே இருந்த தண்ணீரின் அழுத்தத்தால் ஏரியின் ஆழத்திலேயே கரைந்து கிடந்தது, மூடிய சோடா பாட்டிலில் இருப்பது மாதிரி. 1986 ஆகஸ்ட் 21 இரவு அது ஒரேயடியாகப் பீறிட்டு வெளியே வந்தது. காற்றைவிடக் கனமான வாயு என்பதால் வெள்ளம் போலப் பள்ளத்தாக்குகளுக்குள் இறங்கிப் போய், பெரும்பாலும் வீட்டுக்குள் இருந்த சுமார் 1,700 பேரையும் ஆயிரக்கணக்கான மாடுகளையும் கொன்றது. வீடுகள் இடியவில்லை. விளக்குகளில் எண்ணெய் அப்படியே இருக்க, சுடர் மட்டும் அணைந்திருந்தது. நீலமாக இருந்த ஏரி மறுநாள் செம்மண் கரைத்தது போல நிறம் மாறிக் கிடந்தது.

எண்ணெய் தீராத அந்த விளக்கு, நூறு பூதங்களைவிட எனக்குப் பயம் தருகிறது. கூடவே ஒரு விதியும் கிடைக்கிறது: மேட்டில் இருப்பவனுக்குப் பிழைக்க வழி உண்டு, பள்ளத்தில் இருப்பவனுக்கு இல்லை. அப்படியென்றால் உங்கள் உலகத்தில் ஏரிக்குக் கீழே இருக்கும் நல்ல விளைநிலத்தில் யாரும் ஏன் குடிசை போடுவதில்லை, இரவில் விளக்கைத் தரையில் வைத்துவிட்டு ஏன் கட்டில்மேல் படுக்கிறார்கள் என்பதெல்லாம் தானாக வந்து சேரும்.

அடுத்தது, புனிதத்தைக் கோயிலிலும் மந்திரத்திலும் மட்டும் காட்டுவது. கானாவில் பொசும்ட்வி ஏரி, சுமார் 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து உண்டான பள்ளத்தில் நிற்கிறது. அசாந்தே மக்களுக்கு அது புனிதமான இடம், இறந்தவர்களின் ஆன்மா இங்கே வந்து தெய்வத்திடம் விடைபெறும் என்பது நம்பிக்கை. தண்ணீரில் இரும்பு படக்கூடாது என்பது பழைய விலக்கு. அதனால் மீன்பிடிக்கப் போகிறவர் ஒரு மரப்பலகையின் மேல் குப்புறப் படுத்து, கையாலேயே தண்ணீரைத் தள்ளிப் போனார். பலகை, ஈரமான மார்பு, துடுப்புக்குப் பதில் கை. பக்தி என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் பக்தி தெரிந்துவிடுகிறது, இல்லையா? அந்த ஏரியிலும் சில சமயம் அடியில் சேர்ந்த வாயு கிளம்பி மீன்கள் செத்து மிதக்கும். ஏரி தன் வெடிமருந்தை வெடிக்கிறது என்பார்களாம். புனிதமும் ஆபத்தும் ஒரே பேச்சில் வந்துவிட்டன பாருங்கள்.

அப்புறம், ஏரியை எல்லா உயிருக்கும் நஞ்சாக்கிவிடாதீர்கள். தான்சானியாவின் நேட்ரான் ஏரித் தண்ணீர் தோலைப் புண்ணாக்கிவிடும் அளவுக்குக் காரத்தன்மை மிகுந்தது, ஆனால் பூநாரைகள் அங்கேதான் லட்சக்கணக்கில் முட்டையிடுகின்றன, வேட்டையாடும் விலங்குகள் உள்ளே வர முடியாது என்பதால். அதன் தெற்கே நிற்கும் எரிமலைக்கு மசாய் மக்கள் வைத்த பெயரே கடவுளின் மலை என்பதுதான்.

விதியை மீறுகிறவனை முட்டாளாகவோ கெட்டவனாகவோ மட்டும் எழுதுவது இன்னொரு தவறு, இதுதான் அதிகம் கண்ணில் படுகிறது. பாரதத்தில் நச்சுப் பொய்கைக்கு வந்த நான்கு பாண்டவர்களும் அறிவில்லாதவர்களா? கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுக் குடி என்று குரல் கேட்டும் குடித்தார்கள், தாகம் அப்படி. பேராசைக்கும் கைகால் வேண்டும். கொலம்பியாவின் குவாடவிடா ஏரியில் முயிஸ்கா மக்கள் பொன்னைக் காணிக்கையாகப் போட்டார்கள். 1580-களில் செபூல்வேதா என்ற வணிகர் தண்ணீரை வடிக்க ஏரிக்கரையையே வெட்டினார். கொஞ்சம் பொன் கிடைத்தது, பிறகு வெட்டிய பள்ளம் சரிந்து வேலையாட்கள் பலர் மாண்டார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கம்பெனி ஏரியை முழுக்க வடித்தே விட்டது, ஆனால் அடியில் இருந்த சேறு வெயிலில் காய்ந்து கல்லாக இறுகிவிட்டது. செத்தது பொன்னுக்கு ஆசைப்பட்டவர் இல்லை, கூலிக்கு மண் வெட்டியவர்கள். நீங்கள் எழுதும்போது அந்த மண்வெட்டிக்காரனுக்கும் ஒரு பக்கம் கொடுங்கள்.

கடைசியாக, ஏரிப் பகுதி முழுக்க ஒரே மாதிரி இருக்கத் தேவையில்லை. திபெத்தில் சுமார் 4,600 மீட்டர் உயரத்தில் மானசரோவரும் ராட்சசத்தாலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று நல்ல தண்ணீர், யாத்திரிகர்கள் வலம் வருவார்கள். மற்றது உப்பு, ஒதுக்கி வைத்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு கால்வாய். அப்படி ஒரு கால்வாயின் கரையில் உங்கள் ஊரை வைத்துவிட்டு, விடிகாலையில் வரும் பெண் தன் குடத்தை எந்த இடத்தில் முக்குகிறாள் என்பதிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.