மயில்துத்தத்தின் மோலார் நிறையைக் கணக்கிடுவது எப்படி?

ஒரு சேர்மத்தில் ஒரு மோல் எடுத்தால் அது எத்தனை கிராம் இருக்குமோ, அதுவே அந்தச் சேர்மத்தின் மோலார் நிறை. ஒரு மோல் என்பது 6.022 × 10²³ துகள்கள் கொண்ட அளவு. இத்தனை துகள்களை எவராலும் எண்ணி எடுக்க முடியாது. தராசில் நிறுத்து எடுக்கலாம். அதற்காகத்தான் இந்தக் கணக்கு.

தொடக்கநிலைப் பாடங்களில் பெரும்பாலும் தண்ணீரை எடுத்துக்காட்டாகத் தருவார்கள். நான் மயில்துத்தத்தைத் தேர்ந்தெடுக்கிறேன். கற்பவர்கள் வழக்கமாகத் தவறும் இடம் அதில் இருக்கிறது. அந்த இடத்தைக் கடந்துவிட்டால் மற்றவை எளிது.

முதற்படி, வாய்பாட்டைப் படித்து அணுக்களை எண்ணுவது. இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். மயில்துத்தத்தின் வேதிப்பெயர் காப்பர் சல்பேட் பென்டாஹைட்ரேட்; வாய்பாடு CuSO₄·5H₂O. வாய்பாட்டின் முற்பகுதியில் 1 காப்பர் அணு, 1 கந்தக அணு, 4 ஆக்சிஜன் அணுக்கள். பிறகு ஒரு புள்ளி. அதையடுத்து 5 நீர் மூலக்கூறுகள். அந்தப் புள்ளி பெருக்கல் குறி அன்று. படிகத்துக்குள் நீரும் சேர்ந்தே இருக்கிறது என்பதை அது சொல்கிறது. ஆகவே அந்த நீரின் நிறையையும் கூட்டியே ஆக வேண்டும். ஒவ்வொரு நீர் மூலக்கூறிலும் 2 ஹைட்ரஜனும் 1 ஆக்சிஜனும் இருப்பதால், ஐந்துக்கும் சேர்த்து 10 ஹைட்ரஜனும் 5 ஆக்சிஜனும் வருகின்றன. ஆக மொத்தம் காப்பர் 1, கந்தகம் 1, ஆக்சிஜன் 9, ஹைட்ரஜன் 10.

அடுத்து, தனிம வரிசை அட்டவணையிலிருந்து அணு நிறைகளை எடுத்தெழுதுங்கள்: காப்பர் 63.546, கந்தகம் 32.06, ஆக்சிஜன் 15.999, ஹைட்ரஜன் 1.008. அதே கட்டத்தில் உள்ள முழு எண்ணான அணு எண்ணை மறந்தும் எடுத்துவிடக் கூடாது; காப்பருக்கு அது 29.

மூன்றாவதாக, அணு நிறையை எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டுங்கள்.

காப்பர்: 1 × 63.546 = 63.546
கந்தகம்: 1 × 32.06 = 32.060
ஆக்சிஜன்: 9 × 15.999 = 143.991
ஹைட்ரஜன்: 10 × 1.008 = 10.080
மொத்தம்: 249.677

முழுமையாக்குவதை இறுதியில் மட்டும் செய்தால், விடை 249.68 கிராம்/மோல். தேர்வு வினாவில் 63.5, 32, 16, 1 என்று அணு நிறைகளைக் கொடுத்திருந்தால் அவற்றையே பயன்படுத்துங்கள்; அப்போது 249.5 கிடைக்கும், அதுவும் சரியான விடையே.

இந்த எண் வெறும் காகிதக் கணக்கு அன்று என்பதை ஆய்வகத்தில் கண்ணால் காணலாம். நீலப் படிகங்களைச் சோதனைக் குழாயில் இட்டு மெல்லச் சூடாக்கினால், குழாயின் வாய்ப்பக்கம் நீர்த்துளிகள் படியும். அடியில் நீலம் மங்கி வெண்பொடி மிஞ்சும். ஒரு மோலில் நீரின் பங்கு 5 × 18.015 = 90.075 கிராம், அதாவது ஏறத்தாழ 36 விழுக்காடு. எனவே 10 கிராம் படிகம் நீர் முழுவதையும் இழந்தபின் 6.4 கிராம் அளவுக்கே எஞ்சும். ஆறிய பொடியில் ஒரு சொட்டு நீர் விட்டால் நீலம் உடனே திரும்பும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

நீரை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் விடை 159.60 என்றாகிவிடும். அதை நம்பி, 0.1 மோலார் கரைசலுக்கு (லிட்டருக்கு 0.1 மோல்) 15.96 கிராம் நீலப் படிகத்தை நிறுத்துத் திட்டக் குடுவையில் 1 லிட்டராக்கினால், உண்மையில் கிடைப்பது 0.064 மோலார் கரைசல்தான், தேவைப்பட்டதோ 24.97 கிராம். ஆகவே நிறுப்பதற்குமுன் புட்டியின் முகப்புச் சீட்டைப் படியுங்கள். அதில் 249.68 என்றிருந்தால் உள்ளே இருப்பது நீலப் படிகம், 159.60 என்றிருந்தால் நீரற்ற வெண்பொடி.