ரெண்டு டயருக்கும் ஒரே கயிறு

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பும் கொஞ்சம் வயலும் இருக்கின்றன. டிராக்டர் மேஸி 1035, அப்பா வாங்கியது. அதற்குப் புதுப் பின் டயர் போட மனசு வராமல் இதுவரை மூன்று தடவை பழசுதான் போட்டிருக்கிறேன். அதில் ஒரு தடவை நன்றாக ஏமாந்தேன்.

டயரின் பக்கவாட்டில் 12.4-28 என்று இருக்கும். 12.4 அகலம், 28 ரிம்மின் விட்டம், இரண்டும் இஞ்ச். இதே வண்டிக்கு 13.6-28 போட்டவர்களும் உண்டு. எதுவானாலும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும்.

கோவை உக்கடம் பழைய சாமான் கடைகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஊர் பஞ்சர் கடைக்காரருக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்துச் சொல்லிவையுங்கள். யார் டயர் மாற்றப்போகிறார் என்று பொண்டாட்டிக்கு முன்னால் அவருக்குத்தான் தெரியும். தேங்காய், செங்கல் லோடு அடிக்கும் வண்டியின் டயர் தார் ரோட்டில் ஓடி நடுவில் மொட்டையாகியிருக்கும். சேற்றுக்கு உதவாது, தோப்புக்குள் டிரெய்லர் இழுக்க மட்டும் என்றால் அதுவே லாபம். கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிச் சேறடிக்கிறவர்கள் கழற்றி வைத்த டயரில் பட்டன், அதாவது மண்ணைப் பிடிக்கிற ரப்பர் கட்டை, தேயாமல் நிற்கும். ஆனால் கொட்டகையில் எத்தனை வருஷம் கிடந்ததோ! பக்கவாட்டில் நாலு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2316 என்றால் 2016ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. பத்து வருஷம் தாண்டியதை நான் தொடுவதில்லை.

நான் ஏமாந்தது இப்படி. ஒரு கடையில் பளபளவென்று இரண்டு டயர். "எல்லாம் சோடிதானுங்க" என்றார். வீட்டில் வந்து துணியால் துடைத்தால் கை முழுக்கக் கறுப்பு. பாலிஷுக்கு அடியில் மயிரிழை வெடிப்புகள். அதுகூடப் போகட்டும். மாட்டி உழுதால் வண்டி ஒரு பக்கமே இழுத்தது. சணல் கயிற்றைச் சுற்றி அளந்தேன். ஒன்றைவிட இன்னொன்று நாலு விரக்கடை பெரிசு. அப்படியே ஓட்டினால் நேராகப் போகும்போதும் டிஃபரன்ஷியலுக்கு (இரண்டு பின் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) ஓயாத வேலை என்று மெக்கானிக் கத்தினார். அன்றிலிருந்து கயிறு, டார்ச், ஈரத்துணி மூன்றும் இல்லாமல் டயர் பார்க்கப் போவதில்லை. டார்ச்சை உள்ளே அடித்து ஒட்டுப் போட்ட இடத்தைப் பாருங்கள். நூல் தெரிந்தாலோ, ரிம்மில் உட்காரும் ஓரத்தில் கம்பி எட்டிப்பார்த்தாலோ பேரமே வேண்டாம்.

விலை பேசுமுன் புது டயரின் இன்றைய விலையைக் கேட்டுக்கொண்டு போங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் டயருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. பழைய டயர்க்காரர்கள் இன்னும் அந்தக் காலத்து விலையை வைத்தே கணக்குச் சொல்கிறார்கள். புதுசில் பாதியைத் தொட்டால் நான் எழுந்து வந்துவிடுவேன்.

ட்யூபை மட்டும் புதுசாகப் போடுங்கள். ஓரம் ரிம்மில் உட்காரவில்லை என்று 35 பாயிண்டுக்கு (psi) மேல் காற்றை ஏற்ற விடாதீர்கள். வெடித்தால் ஆளைத் தூக்கி அடிக்கும். காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். மாட்டியதும் வண்டிக்குப் பின்னால் நின்று பாருங்கள், பட்டன் வரிசையின் கூர் மேல்நோக்கி இருக்கவேண்டும். கீழ்நோக்கி இருந்தால் மாற்றி மாட்டியாயிற்று. கூலி கொடுக்குமுன் சொல்லிவிடுங்கள்.