ஆகனில் ஒரு செமஸ்டர்: எதை முதலில், எதை அடுத்து

வெளிநாட்டுக்கு இரண்டு வருஷம் மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறவர் முதல் மூன்று மாதம் தட்டுத் தடுமாறினாலும் பின்னால் சரிக்கட்டிவிடுவார். ஒரே ஒரு செமஸ்டருக்குப் போகும் நமக்கு அந்த மூன்று மாதம்தான் மொத்தப் படிப்பே. அதனால் ஜூனியர்கள் யாராவது போன் போட்டு, "அக்கா, அங்க எப்படி இருக்கும்?" என்று கேட்டால் ஊரைப் பற்றி நான் பேச்சே எடுப்பதில்லை. எந்த வேலையை முதலில் முடிக்க வேண்டும், எதை அடுத்து என்றுதான் ஆரம்பிப்பேன். ஜெர்மனியில் ஒரு காகிதம் கையில் இருந்தால்தான் அடுத்த காகிதம் கிடைக்கும்.

நான் கரூர்க்காரி. கோவையில் மெக்கானிக்கல் படித்தபோது ஆறாவது செமஸ்டரை ஆகன் நகரில் ஆர்டபிள்யூடிஹெச் பல்கலைக்கழகத்தில் எக்ஸ்சேஞ்ச் மாணவியாகப் படித்தேன். 1870-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. பெல்ஜியமும் நெதர்லாந்தும் ஜெர்மனியைத் தொடுகிற மேற்கு ஓரத்தில் ஊர். சென்னை ஐஐடி 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கியது என்பதால் அங்கே படிக்கிறவர்களுக்கு இந்த மாதிரிப் பயணம் புதிதில்லை. மற்றக் கல்லூரிக்காரர்கள் முதலில் தங்கள் இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ் அலுவலகத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது என்று கேட்க வேண்டும். கல்லூரி வாசலில் ஒட்டியிருக்கும் பட்டியலில் பாதி காலாவதியாகி இருக்கும். ஒப்பந்தத்தின் வழியாகப் போனால் அங்கே டியூஷன் ஃபீஸ் இல்லை. செமஸ்டர் கட்டணம் மட்டும், 300 யூரோவுக்குச் சற்று மேலே. அதற்குள்ளேயே ரயில், பஸ் டிக்கெட்டும் அடக்கம்.

காலண்டரை விரித்து வையுங்கள்

பலர் கோட்டை விடும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. கோடைகால செமஸ்டர் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை. வகுப்புகள் இதற்குள் மூன்று மாதம், மூன்றரை மாதம்தான் நடக்கும். மிச்சமெல்லாம் தேர்வுக் காலம். நம் கல்லூரிகளில் ஜூலை முதல் நவம்பர் ஒன்று, ஜனவரி முதல் மே இன்னொன்று. இரண்டும் எங்குமே பொருந்தாது.

குளிர்கால செமஸ்டருக்குப் போனால் பிப்ரவரி, மார்ச்சில் அங்கே தேர்வு எழுதிக்கொண்டிருப்பீர்கள். இங்கே அடுத்த செமஸ்டர் ஜனவரியிலேயே தொடங்கி அட்டெண்டன்ஸ் கரைந்துகொண்டிருக்கும். ஏழாவது செமஸ்டர் என்றால் கேம்பஸ் பிளேஸ்மென்ட்டும் கையை விட்டுப் போகும். என் கணக்கில் நமக்குப் பொருந்துவது ஆறாவது செமஸ்டரில் கோடைகாலப் பிரிவுதான். ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஜெர்மன் மொழி வகுப்பும் ஒரு இன்டர்ன்ஷிப்பும் போட்டுக்கொள்ளலாம். ஏப்ரலில் கிளம்பி, ஆகஸ்டில் திரும்பி வந்து பிளேஸ்மென்ட்டில் உட்காரலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை. அங்கே சில பாடங்களுக்குத் தேர்வு ஜூலை கடைசியில், சிலவற்றுக்கு ஆகஸ்டில், சிலவற்றுக்கு செப்டம்பரில் வரும். பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தலைப்பைப் பார்ப்பதற்கு முன் தேர்வுத் தேதியைப் பாருங்கள். தேதி தெரியவில்லையா, அந்தத் துறைக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள். சின்ன வகுப்பாக இருந்தால் வாய்மொழித் தேர்வை முன்கூட்டியே வைக்கப் பேராசிரியர் ஒத்துக்கொள்ளவும் கூடும். கூச்சப்படாமல் கேட்க வேண்டும். அங்கே கேட்பதை யாரும் தப்பாக எடுப்பதில்லை. கடைசி நாளில் கேட்பதைத்தான் தப்பாக எடுப்பார்கள்.

அடுத்து மொழி. இணையத்தில் பாடப்பட்டியல் பளபளவென்று இருக்கும். ஆனால் இளநிலை இன்ஜினியரிங் வகுப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். ஆங்கிலத்தில் நடப்பது முதுநிலைப் பாடங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் அவற்றை எடுக்கலாமா என்று எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் லேர்னிங் அக்ரிமென்ட், அதாவது எந்தப் பாடங்கள் எடுக்கிறோம் என்று இரண்டு கல்லூரியும் ஒத்துக்கொள்ளும் தாள். முழு செமஸ்டர் என்றால் அங்கே 30 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று ஐரோப்பியக் கணக்கு. நம்முடையது வாரத்துக்கு எத்தனை வகுப்பு என்ற கணக்கு. எதற்கு எது ஈடு என்று கல்லூரியில் ஹெச்ஓடி கையெழுத்தும் சீலும் வாங்காமல் விமானம் ஏறாதீர்கள். நான்கு பாடம் வேண்டும் என்றால் ஏழு பாடத்துக்குக் கையெழுத்து வாங்குங்கள். அங்கே போனபின் ஒன்று ரத்தாகும், இரண்டு ஒரே நேரத்தில் மோதும். பிறகு வாட்ஸ்அப்பில் ஹெச்ஓடியைத் துரத்துவது நடக்கிற காரியமில்லை.

பணமும் விசாவும்

தொண்ணூறு நாளுக்கு மேல் தங்குவதால் தேசிய விசா வேண்டும். கட்டணம் 75 யூரோ. ஸ்காலர்ஷிப் கடிதம் இல்லாதவர்கள் பிளாக்ட் அக்கவுன்ட்டில், அதாவது மாதம் ஒரு தவணை மட்டும் எடுக்க விடும் கணக்கில், பணம் காட்ட வேண்டும்: மாதத்துக்கு 992 யூரோ வீதம், ஆறு மாதத்துக்கு 5,952. ரூபாயில் ஐந்தரை லட்சத்தைத் தாண்டும். "சும்மா கிடக்கறதுக்கா இவ்வளவு பணம்?" என்று அப்பா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "சும்மா கிடக்காதுப்பா, மாசாமாசம் என் கைக்கே திரும்பி வரும், அதுலதான் நான் சாப்பிடணும்" என்று புரியவைக்க வேண்டியிருந்தது. வீட்டில் இந்தப் பேச்சை விசா நேரத்தில் ஆரம்பிக்காமல் விண்ணப்பம் போடும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

அந்தப் பணம் போய் இறங்கியதுமே கைக்கு வராது. அங்கே ஒரு வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான் மாதத் தவணை விழும். அதற்குள் வாடகை, அட்வான்ஸ், செமஸ்டர் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் கழுத்தை நெரிக்கும். ஃபாரெக்ஸ் கார்டில் தனியாக ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு யூரோ இருந்தால் தூக்கம் வரும். விசாவைத் தங்கும் காலம் முழுவதற்கும் கேளுங்கள். கிடைத்துவிட்டால் அங்கே வெளிநாட்டவர் அலுவலகத்தின் பக்கமே போக வேண்டியதில்லை. அந்த வரிசையில் நின்றவர்களைக் கேட்டால் இதன் அருமை தெரியும்.

அறை, பதிவு, இன்சூரன்ஸ்

இந்த மூன்றும் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வரும். அறை கிடைத்து இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்பார்கள். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு தாள் வேண்டும். வங்கி, இன்சூரன்ஸ், சிம் கார்டு என்று எதற்குப் போனாலும் அந்தப் பதிவைக் கேட்கக்கூடும். ஆகவே அறை தேடும்போது வாடகைக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, "இந்த முகவரியில் அன்மெல்டுங் செய்யலாமா?" என்பதுதான். முடியாது என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

மாணவர் விடுதிக்கு அனுமதிக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பியுங்கள். கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். ஜெர்மன் மாணவர்கள் இன்டர்ன்ஷிப்புக்கு வெளியூர் போகும்போது தங்கள் அறையைச் சாமான்களோடு சில மாதத்துக்கு உள்வாடகைக்கு விடுவார்கள். ஒரு செமஸ்டர்காரர்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தும். கட்டில், மேசை எதுவும் வாங்க வேண்டியதில்லை. "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், அட்வான்ஸ் அனுப்புங்கள், சாவி தபாலில் வரும்" என்று யாராவது எழுதினால் பதிலே போடாதீர்கள். அது மோசடி.

மருத்துவ இன்சூரன்ஸில் ஒரு விஷயம். இங்கே வாங்கும் டிராவல் இன்சூரன்ஸ் விசாவுக்கும் முதல் சில நாளுக்கும் உதவும். ஆனால் பல்கலைக்கழகத்தில் சேர, அங்குள்ள அரசு சார்ந்த இன்சூரன்ஸ் நிறுவனம் ஒன்று மின்னணு முறையில் தகவல் அனுப்பியாக வேண்டும். மாணவர் கட்டணம் மாதம் 140 யூரோவைத் தாண்டும். வலிக்கும்தான். அதற்குப் பயந்து மலிவான தனியார் பாலிசி எடுத்து விலக்கு வாங்கினால், அந்தப் படிப்பு முடியும்வரை அரசு இன்சூரன்ஸுக்குத் திரும்ப முடியாது. அதே பல்கலைக்கழகத்தில் மாஸ்டர்ஸ் யோசனை இருப்பவர்கள் இதை இரண்டு முறை யோசியுங்கள்.

பதிவு செய்த சில வாரத்தில் ஒளிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். மாதம் 18.36 யூரோ. டிவி இல்லை என்று எழுதிப் பயனில்லை. வீட்டுக்கு ஒன்று என்று கணக்கு. பகிர்ந்த வீடு என்றால் ஏற்கெனவே கட்டுகிறவரின் எண்ணை வாங்கி எழுதி அனுப்பினால் போதும். அந்தக் கடிதத்தைக் குப்பையில் போட்டால் அபராதத்தோடு திரும்ப வரும்.

பெட்டியும் அடுப்பும்

நெய் எடுத்துப் போகக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் பயணிகள் கொண்டுவரத் தடை. பச்சைக் கருவேப்பிலைக்கும் தாவர நலச் சான்று கேட்பார்கள். அம்மாக்களிடம் இதை எடுத்துச் சொல்வதுதான் விசாவைவிடக் கஷ்டம். பருப்புப் பொடி, கருவேப்பிலைப் பொடி, புளிக்காய்ச்சல், ரசப்பொடி போதும். ஒரு சின்ன குக்கர், கூடவே இரண்டு கேஸ்கட்.

தாளிப்பதில் கவனம். பொதுச் சமையலறைக் கூரையில் வெள்ளைத் தட்டு மாதிரி ஒரு புகை எச்சரிக்கைக் கருவி சின்னச் சிவப்பு வெளிச்சத்தோடு கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். காய்ந்த மிளகாய் எண்ணெயில் கறுத்த அடுத்த நொடி அது அலறும். பதற்றத்தில் காற்று வரட்டும் என்று நடைபாதைக் கதவைத் திறந்தால் புகை அங்கே போய், சில கட்டடங்களில் தீயணைப்பு நிலையம்வரை மணி அடிக்கும். வண்டி வந்த செலவை உங்கள் தலையில் கட்டவும் செய்வார்கள். ஜன்னலை முதலில் திறங்கள், கதவை மூடுங்கள், எண்ணெயை மிதமான சூட்டில் வையுங்கள், கடுகு போட்டதும் வாணலியை மூடிவிடுங்கள்.

மளிகைக்குக் கொலோன் போங்கள். ஆகனிலிருந்து ஆர்ஈ1 என்ற ரயிலில் ஒரு மணி நேரம். செமஸ்டர் டிக்கெட்டே போதும். எண்பதுகளில் இருந்து அங்கே குடியேறிய ஈழத்தமிழர்களின் கடைகள் இருக்கின்றன. நான் முதலில் போன கடையில் கல்லாவில் இருந்தவர் என் பேச்சைக் கேட்டதும், "பிள்ளை இந்தியாவோ? படிக்க வந்தனீங்களோ?" என்றார். "ஆமாண்ணா" என்றதும் வறுத்த அரிசி மா பாக்கெட்டைக் கையில் கொடுத்து, "புட்டு அவிக்கத் தெரியுமோ?" என்று கேட்டுச் சுடுதண்ணிக் கணக்கையும் சொல்லித்தான் அனுப்பினார். கறுப்பாக வறுத்த யாழ்ப்பாணக் கறித்தூளையும் வாங்குங்கள். மென்சா எனும் மாணவர் கேன்டீனில் கிடைக்கும் உப்புச்சப்பற்ற கொண்டைக்கடலையைக்கூட அது கரையேற்றிவிடும்.

அதே ஆர்ஈ1 ரயிலில் கடைசிவரை போனால் ஹாம் வரும். அங்கிருந்து பஸ்ஸில் ஊன்ட்ராப். தொழிற்பேட்டைக்கு நடுவில் ராஜகோபுரத்தோடு காமாட்சி அம்பாள் கோயில், 2002-இல் கும்பாபிஷேகம் ஆனது. மே கடைசி அல்லது ஜூனில் தேர். ஐரோப்பா முழுக்க இருந்து கூட்டம் வரும். கோடை செமஸ்டர்காரர்களுக்கு இது ஒரு லாபம்.

வகுப்பும் தேர்வும்

அட்டெண்டன்ஸ் பெரும்பாலும் கிடையாது, இன்டர்னல் மார்க்கும் கிடையாது. கடைசித் தேர்வு ஒன்றே முழு மார்க். இதைச் சுதந்திரம் என்று நினைத்துச் சுற்றுலா கிளம்புகிறவர்கள் ஜூலையில் முழிப்பார்கள். லெக்சருக்குப் போகாவிட்டாலும் கணக்குப் போடும் பயிற்சி வகுப்பை விடாதீர்கள். தேர்வு அதிலிருந்துதான் வரும். துறையின் மாணவர் மன்றத்தில் பழைய வினாத்தாள்கள் கிடைக்கும். லெக்சர் முடிந்ததும் எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். அதுதான் அவர்களுடைய கைத்தட்டல். நீங்களும் தட்டுங்கள்.

பாடத்துக்குப் பெயர் கொடுப்பது வேறு, தேர்வுக்குப் பெயர் கொடுப்பது வேறு. இரண்டாவதற்குத் தனிக் கடைசித் தேதி உண்டு. தவறினால் செமஸ்டர் முழுக்க முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் தேர்வறைக்குள் விட மாட்டார்கள்.

ஊர் சுற்றலைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜூனில் இரவு பத்து மணிவரை வெளிச்சம். வகுப்பு முடிந்து நகரப் பஸ்ஸில் நெதர்லாந்துப் பக்கத்து ஊரான வால்ஸ் போய் மூன்று நாட்டு எல்லைக் கல்லில் நின்றுவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பலாம். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைத் தொடங்கியது. ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே பால் வாங்கிவிடுங்கள்.

கிளம்பும்போது

வந்த வரிசையிலேயே பின்னோக்கி அவிழ்க்க வேண்டும். கிளம்புவதற்கு ஒரு வாரத்துக்குள் முகவரிப் பதிவை நீக்குங்கள். அதற்கு முன் செய்ய விட மாட்டார்கள். அந்தத் தாளைக் காட்டித்தான் இன்சூரன்ஸ், ஒளிபரப்புக் கட்டணம், மொபைல் எல்லாவற்றையும் நிறுத்த முடியும். வங்கிக் கணக்கை மட்டும் உடனே மூடாதீர்கள். அறை அட்வான்ஸ் திரும்பி வரச் சில வாரம் ஆகும்.

மார்க் பட்டியல் அதற்கும் பிறகு வரும். அங்கே 1.0 தான் உச்சம், 4.0 வரை பாஸ், 5.0 ஃபெயில். என் பட்டியலைப் பார்த்த தேர்வுப் பிரிவு ஊழியர், "என்னம்மா இது, பத்துக்கு ஒண்ணு புள்ளி மூணுதானா?" என்று பரிதாபப்பட்டார். மதிப்பெண் முறையை விளக்கும் பக்கத்தையும் அங்கிருந்தே கேட்டு வாங்கி, ஹெச்ஓடி கையெழுத்துப் போட்ட ஈடு தாளோடு சேர்த்து இரண்டு செட்டாகக் கொடுங்கள். ஒரு செட்டில் பெற்றுக்கொண்டதாகத் தேதியும் சீலும் வாங்கி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.