செத்தது வைரசா, கலமா?

போன மாதம் முதுமாணி செய்யும் பிள்ளை ஒருத்தி மடிக்கணினியைத் திறந்து ஒரு வரைபைக் காட்டினாள். வாவியோரம் வெட்டிய கண்டல் பட்டைச் சாறு டெங்கு வைரசை 99 வீதம் குறைத்திருக்கிறதாம். கலங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையாம். "மிஸ், இத உடனே எழுதிரலாமா?" என்றாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதேபோல் ஒரு கண்டல் பட்டையின் சாற்றை வைத்து அதே வரைபைக் கீறிக்கொண்டு, அதே முகத்தோடு, பன்னிரண்டு வருசத்துக்கு முன்னர் நானும் ஒருவர் மேசைக்கு முன்னால் நின்றிருக்கிறேன்.

கையுறை போடு, தட்டில் திகதி எழுது, மூன்று தடவை திரும்பச் செய் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதை முதல் வாரத்திலேயே யாராவது ஏசிச் சொல்லித் தந்துவிடுவார்கள். யாரும் ஏசாத பிழைகளைப் பற்றித்தான் இது.

எண்ணைப் பார்த்துவிட்டுக் கலத்தைப் பார்க்காமல் விடுவது

வைரசு தானாகப் பெருகாது. அடுத்த வீட்டு அடுப்பில் தன் சோற்றைப் பொங்கிக்கொள்கிற சாதி அது. வீட்டையே கொளுத்திவிட்டால் சோறும் பொங்காது. ஆகவே கலத்தைக் கொல்லும் எதுவும் வைரசைக் 'குறைக்கும்'. பிளீச் ஊற்றினாலும் டெங்கு நிற்கும்.

இதற்காகத்தான் இரண்டு எண்களைக் கேட்கிறோம். வைரசின் பெருக்கத்தைப் பாதியாக்கும் செறிவு ஒன்று, கலங்களில் பாதியைக் கொல்லும் செறிவு மற்றது. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவது தெரிவுச் சுட்டெண். அது 10க்கு மேலே போனால்தான் மேற்கொண்டு கதைப்பது பொதுவான வழக்கம். 15 மைக்கிரோகிராமில் வைரசு பாதியாகி, 20 மைக்கிரோகிராமில் கலங்கள் பாதியாகினால் சுட்டெண் 1.3. அது நஞ்சு, மருந்தில்லை.

சரி, இது வரைக்கும் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. என் பிழை இதற்கு அடுத்த படியில் நடந்தது. நான் நச்சுத்தன்மை பார்க்காமல் விடவில்லை, பார்த்தேன். பார்த்த முறை எனக்குப் பொய் சொன்னது.

நம் ஆய்வுகூடங்களில் மலிவாகச் செய்யக்கூடியது எம்.ரி.ரி. சோதனை. மஞ்சள் கரைசலைக் குழிகளில் விட்டால் உயிரோடிருக்கும் கலங்களின் நொதியங்கள் அதை ஊதாவாக மாற்றும். ஊதா கூடினால் உயிர் கூட. தட்டை நிறத்தை அளக்கும் வாசிப்பானுக்குள் தள்ளினால் எண் வந்து விழும். ஆனால் மஞ்சள் ஊதாவாவது தாழ்த்தல் என்ற வெறும் இரசாயனத் தாக்கம். அதைக் கலம்தான் செய்யவேண்டும் என்று சட்டமில்லை. பொலிபீனோல்களும், அவற்றில் துவர்ப்பைத் தரும் தனினும் நிறைந்த சாறு, கலத்தின் உதவி இல்லாமல், தானாகவே செய்துவிடும்.

கண்டல் பட்டையில் தனின் எவ்வளவு என்பது எனக்குத் தெரியாத சங்கதியும் அல்ல. நைலோன் வருவதற்கு முன்னர் பருத்தி வலையைக் கண்டல் பட்டை அவித்த தண்ணீரில் தோய்த்துத்தான் காயப்போடுவார்கள், நூல் உக்கிப்போகாமல் இருக்க. அம்மப்பாவின் கை மணிக்கட்டு வரை செம்மண் நிறத்தில் இருந்த கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்தத் தண்ணீரைத்தான் 96 குழித் தட்டில் ஊற்றிவிட்டு, 'கலங்கள் 94 வீதம் உயிருடன்' என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

ஏழு மாதம் போனது. ஒரு மாநாட்டுச் சுவரில் என் பதாகை தொங்கியது. முன்னால் வந்து நின்ற வயதான ஒருவர் சாவகாசமாக வாசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: கலமே இல்லாத குழியில் இந்தச் சாறையும் எம்.ரி.ரி.யையும் விட்டுப் பார்த்தீர்களா?

ஊர் திரும்பிய அன்றைக்கே விட்டுப் பார்த்தேன். நாவற்பழம் நசுக்கிய மாதிரி ஊதா.

அப்புறம்தான் தட்டை நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்தேன். விரித்த பாய் மாதிரித் தரையோடு ஒட்டியிருக்கவேண்டிய, வைரசு வளர்க்க நாம் வைத்திருக்கும் வீரோ கலங்கள், கடுகு கடுகாய் உருண்டு மிதந்துகொண்டிருந்தன. இன்றைக்கும் என்னை எரிச்சல்படுத்துவது இதுதான்: வாசிப்பானுக்கு ஆறடி தள்ளித்தான் அந்த நுணுக்குக்காட்டி இருந்தது. ஏழு மாதமும் தட்டை அதைத் தாண்டித்தான் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு தடவை குனிந்து பார்க்க அரை நிமிசம்கூட ஆகாது.

தனின் அதோடு விடாது. பாக்கையோ கச்சல் வாழைக்காயையோ கடித்தால் வாய் இழுத்துப் பிடிக்கிறதே, அது எச்சிலிலுள்ள புரதங்களைத் தனின் பிடித்து ஒட்டவைப்பதால் வருவது. வைரசின் மேலுறையும் புரதம்தான். குழாயில் சாறையும் வைரசையும் கலந்து ஒரு மணித்தியாலம் வைத்தால் வைரசுக்கும் வாய் ஒட்டிக்கொள்ளும், தொற்று விழுந்துவிடும். ஆனால் இரத்தத்தில் அல்புமின் நிறைந்து கிடக்கிறது. அங்கே தனினுக்கு வைரசைத் தேடிப்போக நேரமே இருக்காது. போதாததற்கு, வைரசின் மரபுப்பொருளைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். சோதனையின் நொதியத்தையும் இந்தப் பொலிபீனோல்கள் தடுக்கக்கூடியவை. சாறு சரியாகக் கழுவப்படாமல் மாதிரியில் மிஞ்சினால், வைரசு இருந்தும் இல்லை என்று இயந்திரம் சொல்லும். ஒரே பட்டை, மூன்று பொய்.

அந்தப் பிள்ளைக்கு நான் கொடுத்த வேலை இவ்வளவுதான். ஒவ்வொரு செறிவுக்கும் கலமில்லாக் குழி ஒன்று வை. எம்.ரி.ரி. விடுவதற்கு முன் சாறை உறிஞ்சி எடுத்து இரண்டு தரம் கழுவு. செத்த கலத்தை மட்டும் நீலமாக்கும் ட்ரிபான் நீலம் போட்டுக் கலங்களைக் கையால் எண்ணு. சாறைத் தனினைப் பிடிக்கும் பி.வி.பி.பி. தூளோடு கலக்கித் தனினை இறக்கிவிட்டு மிச்சத்தில் வேலை இருக்கிறதா என்று பார். சாறை வைரசோடு ஒரு தடவையும், தொற்று ஏறிய பிறகு ஒரு தடவையும் விட்டு ஒப்பிடு. அளவு தெரிந்த ஆர்.என்.ஏ.யை (டெங்கு வைரசின் மரபுப்பொருள் அதுதான்) மாதிரிக்குள் சேர்த்து பி.சி.ஆர். அதைக் காண்கிறதா பார். எல்லாம் சேர்த்து ஒரு கிழமை வேலை.

பத்தாம் நாள் அழைப்பு வந்தது. "மிஸ், கலம் இல்லாத குழியும் ஊதா." அவள் அழவில்லை. அந்த நாளில் நான் அழுதேன்.

(தில்லை இலையோடு வருகிறவர்களுக்கு: அதன் பால் கண்ணில் பட்டால் என்ன நடக்கும் என்று எந்தத் தோணிக்காரரிடமும் கேளுங்கள். நஞ்சுச் செடியிலிருந்து மருந்து வராது என்று சொல்லவில்லை. அந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை முதலில் காட்டுங்கள்.)

வீரோ சொன்னால் போதும் என்று நினைப்பது

வீரோ கலம் 1962இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் ஆபிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்பட்டது. வளர்ப்பதற்குச் சுகமான பிள்ளை, ஏறக்குறைய எந்த வைரசையும் வாங்கிக்கொள்ளும். ஏன் வாங்கிக்கொள்கிறது? வைரசு வந்தால் பக்கத்து வீட்டை எழுப்பும் இன்ரபெரோனை அதனால் சுரக்க முடியாது. ஆகவே 'நிர்ப்பீடனத்தைக் கூட்டும்' மூலிகை ஒன்றை வீரோவில் சோதிப்பது, பேச வராதவரிடம் குரல் எப்படி என்று கேட்பது போல.

மலேரியா மருந்தான குளோரோகுயினின் கதையை மறக்கவேண்டாம். 2020 தொடக்கத்தில் வீரோவில் கொரோனா வைரசை அது நன்றாகவே நிறுத்தியது. அதே வருசம் மனித நுரையீரல் கலங்களான கலு-3இல் வைத்துப் பார்த்தபோது வைரசு அதைக் கண்டுகொள்ளவில்லை. வீரோவுக்குள் வைரசு அமிலம் சுரக்கும் சிறுபைகளின் வழியாகப் போகிறது, குளோரோகுயின் அந்த அமிலத்தைக் குறைக்கிறது. நுரையீரல் கலத்தில் ரி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2 என்ற நொதியம் வைரசுக்கு வாசலிலேயே கதவைத் திறந்துவிடுவதால் சிறுபை வழி தேவைப்படவில்லை. அந்த யூனில் பிரித்தானியாவின் ரிக்கவரி ஆய்வு, வைத்தியசாலையில் இருந்த நோயாளர்களின் இறப்பை அதன் நெருங்கிய உறவான ஹைட்ரொக்சிகுளோரோகுயின் குறைக்கவில்லை என்று அறிவித்தது.

குறைந்தது இன்னொரு மனிதக் கலத்திலாவது பாருங்கள். டெங்குவுக்கு ஈரல் கலமான ஹுஹ்-7 நல்ல தொடக்கம்.

உடம்பில் ஏறாத செறிவு

ஒட்டுண்ணிகளுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் 5 மைக்கிரோமோலர் செறிவில் கொரோனா வைரசை அடக்கியது என்ற 2020 செய்தி உலகம் சுற்றியது. வழமையான அளவில் மாத்திரை விழுங்குபவரின் இரத்தத்தில் அந்தச் செறிவு பக்கத்தில்கூட வராது.

மஞ்சள்

மஞ்சளிலுள்ள குர்குமின் எந்தச் சோதனையிலும் 'வேலை செய்கிறது' என்று கை தூக்கும். அதனாலேயே நம்பவேண்டாம்.

டொக்கிங்

மூலக்கூறு வைரசின் புரதத்தில் எவ்வளவு இறுக்கமாகப் பொருந்தும் என்று கணினியில் கணிப்பது இது. திரையில் மைனஸ் 9.8. அதற்குப் பிறகு?

மைக்கோபிளாஸ்மா

வளர்ப்புக் கலங்களுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் புகுந்துகொள்ளும் பற்றீரியா இது. மாதம் ஒரு தடவை சோதியுங்கள். வாதம் இல்லை.

காய்ச்சல் எத்தனையாம் நாள் என்று கேட்காமல் இரத்தம் எடுப்பது

2017இல் இலங்கையில் பதிவான டெங்கு நோயாளர் 1,86,000ஐத் தாண்டினார்கள். அந்த வருசத்துக்குப் பிறகு ஆய்வுக்கு வந்த பிள்ளைகள் எல்லாருக்கும் டெங்கு நோயாளரின் சீரம் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) வேண்டும். குளிரூட்டியில் குழாய் குழாயாக இருக்கும். நோயாளியின் வயதும், ஆணா பெண்ணா என்பதும் இருக்கும். காய்ச்சல் தொடங்கிய திகதி மட்டும் இருக்காது.

அந்தத் திகதி இல்லாவிட்டால் முடிவை வாசிக்க முடியாது. டெங்கு வைரசின் என்.எஸ்.1 புரதம் முதல் ஐந்து நாளுக்குள் நன்றாகத் தெரியும், அதன்பின் மங்கும். புதுத் தொற்றைக் காட்டும் ஐ.ஜி.எம். பிறபொருளெதிரி நாலாம் ஐந்தாம் நாளில்தான் தலை காட்டும். இரண்டாம் தடவை டெங்கு வந்தவருக்கு ஐ.ஜி.எம். மந்தமாகவும், தொற்று போன பிறகும் நிலைத்திருக்கும் ஐ.ஜி.ஜி. பிறபொருளெதிரி வேகமாகவும் ஏறும். மூன்றாம் நாள் ஐ.ஜி.எம். இல்லை என்பதற்காக டெங்கு இல்லை என்று எழுதினால் அது பரிசோதனையின் பிழையல்ல. வெறும் ஐ.ஜி.ஜி.யைக் கண்டு 'இப்போது டெங்கு' என்று எழுதுவது அதைவிட மோசம். டெங்கு வந்துபோன ஊரில் அது பழைய கணக்காகவும் இருக்கலாம்.

கேட்கும் முறையும் உண்டு. 'நோய் அறிகுறி தொடங்கிய திகதி' என்று படிவத்தை நீட்டினால், வாட்டில் அனுமதித்த நாளைச் சொல்வார்கள். "எப்ப இருந்து காய்ச்சல் காயுது அம்மா? வெள்ளிக்கிழமைக்கு முன்னமா, பிறகா?" என்று கேளுங்கள். கோயிலுக்குப் போன நாளை வைத்தோ, ஜும்ஆவை வைத்தோ சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

ஒட்டினால் காக்கும் என்று நம்புவது

பிறபொருளெதிரி ஒட்டுகிறதா என்று நிறத்தால் காட்டும் எலைசா சோதனையில் அது வைரசோடு ஒட்டியது என்றால், ஒட்டியது. அவ்வளவுதான். டெங்குவில் ஒட்டியும் முடக்காத பிறபொருளெதிரி, வைரசைக் கையைப் பிடித்து வெள்ளைக் கலத்துக்குள் கூட்டிக்கொண்டு போகும். பிலிப்பைன்சில் 2016இல் பாடசாலைப் பிள்ளைகளுக்கு டெங்குத் தடுப்பூசி போட்டார்கள். 2017 நவம்பரில், முன்பு டெங்கு வராதவர்களுக்கு அந்த ஊசிக்குப் பின் நோய் கடுமையாகலாம் என்று தயாரித்த நிறுவனமே அறிவிக்க நேர்ந்தது. பிறபொருளெதிரி வைரசை உண்மையில் முடக்குகிறதா என்று பார்க்கும் நடுநிலையாக்கற் சோதனை செய்யாமல் 'பாதுகாப்பு' என்ற சொல்லைத் தொடவேண்டாம்.

உருகி, உறைந்து, உருகி

மின்சாரம் போய் வந்தால் உறைகுளிரூட்டி மறுபடி மைனஸ் 80 காட்டும். நடுவில் எவ்வளவு ஏறியது என்று அது சொல்லாது. சீரத்தைச் சிறு குழாய்களாகப் பிரித்து வையுங்கள். ஒரு குழாய், ஒரு தடவை.

செடியின் பெயர்

கண்டல், கண்ணா, கிண்ணை என்று மூன்று பேர் மூன்று மரத்தைக் காட்டுவார்கள். கல்லடியில் ஒரு பெயர், அக்கரைப்பற்றில் இன்னொன்று. பூவோ காயோ உள்ள கிளையை அழுத்திக் காயவைத்து, எண் போட்டு, தாவரவியல் தெரிந்தவரிடம் காட்டி வைக்காவிட்டால், அடுத்த வருசம் அதே சாறை உங்களாலேயே திரும்ப எடுக்க முடியாது. என் ஏழு மாதத்துப் பட்டை இன்னும் ஒரு பொலித்தீன் பைக்குள் இருக்கிறது. மேலே என் கையெழுத்தில் 'கண்டல் – வாவி' என்று மட்டும் எழுதியிருக்கிறது. எந்தக் கண்டல் என்று எனக்கே இன்றைக்கும் தெரியாது.